ஆறு ரவுண்டு வடிவு

காரப்பாக்கத்துக் கண்ணாடிக் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போகிறவள் ஒருத்தியாகப் போவாள், ஒருத்தியாகவே திரும்பி வருவாள், ஆனால் அங்கேயும் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். செண்பகவடிவு தென்காசியிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு பழைய லேப்டாப்புமாக வந்து இறங்கிய மாசி மாதத்தில் அந்த வட்டாரத்துக்கே இது பழகிப்போயிருந்தது. தண்ணீர் லாரி வராத நாளைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக்கூட இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கம்பெனிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஏழு மாடிக்கும் கண்ணாடி போர்த்தி, கீழ்த்தளத்துக் கூடத்தை நடைபாதையை ஒட்டியே வைத்து, உள்ளே இருப்பவர்களை ஊரெல்லாம் பார்க்கும்படி கட்டியிருந்ததால் ஜனங்களுக்கு அது கண்ணாடிக் கம்பெனி, அவ்வளவுதான்.

வடிவு தங்கிய மகளிர் விடுதியை லூர்து அக்கா என்பவர் நடத்தினார். அவருடைய பெரிய நோட்டில் பெயர், ஊர், ரத்த வகை, வீட்டு எண் என்ற கட்டங்களுக்குப் பிறகு ரவுண்டு என்று ஒரு கட்டம் இருந்தது.

"கண்ணாடிக் கம்பெனிக்கா வந்திருக்கே? எத்தனை ரவுண்டு முடிஞ்சுது?" என்று கேட்டார்.

"இனிமேதான்க்கா."

"அப்ப முழு ஆளு. முழுச் சாப்பாடுன்னு எழுதிக்கிறேன்" என்று எழுதிக்கொண்டு, மாடியில் காற்று அதிகம் என்பதால் நாலு ரவுண்டு போனவர்களுக்குத் தரைத்தளத்தில்தான் கட்டில் கொடுப்பது வழக்கம் என்றும், இவளுக்கு இப்போதைக்கு மாடியே போதும் என்றும் சாவியைக் கொடுத்தார்.

வடிவுக்கு வேலை வேண்டும். வேண்டும் என்றால், வைகாசி முடிவதற்குள் வேண்டும். கணவன் சிவசைலம் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷமும் அவள் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பாமல் தென்காசியில் அக்கா கோமதி வீட்டில் மகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இப்போது அக்காவின் கணவர் மஸ்கட்டிலிருந்து குடும்பத்தோடு வந்துவிடச் சொல்லி விசா அனுப்பிவிட்டார். வைகாசிக் கடைசியில் விமானம். ஆறு வயது தாமிராவை அதற்குள் வடிவு தன்னிடம் அழைத்துக்கொள்ள வேண்டும். விடுதியில் குழந்தைக்கு இடமில்லை. வேலை கிடைத்தால் ஒரு அறை, அறை கிடைத்தால் பிள்ளை, இதுதான் வடிவு போட்டு வைத்திருந்த வரிசை. அந்தப் பிள்ளையின் தலைமுடி வாசனை இல்லாமல் தூங்கி எழுவதை அவளால் பொறுக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவள் செய்ததெல்லாம் அதற்காகத்தான் செய்தாள்.

முதல் ரவுண்டு முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. ஒரு கணக்கைக் கொடுத்தார்கள், போட்டாள். ஒரு புரோகிராமைக் கொடுத்து அதில் எங்கே தப்பு என்றார்கள், காட்டினாள். இந்த இரண்டு வருஷ இடைவெளிக்கு என்ன காரணம் என்றார்கள். அதற்குப் பதில் சொல்லும்போது மட்டும் ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம் இடறியது. எல்லாம் முடிந்ததும் அம்பலவாணன் என்ற ஒரு பெரிய மனிதர், வெள்ளைச் சட்டையும் நெற்றியில் மெல்லிய திருநீறுமாக, கல்யாண வீட்டில் பந்தி முடிந்தவர்களை வழியனுப்புகிறவர் மாதிரி வாசல் வரைக்கும் கூடவே வந்தார். வாசலில் நின்று, அதுவரை அந்தக் கட்டடத்தில் ஒருவரும் பேசாத தமிழில், "அப்ப போயிட்டு வாங்கம்மா" என்றார்.

"போயிட்டு வாரேன் சார்" என்றாள் வடிவு.

நாலு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தபோது, கூடத்தின் மூன்றாவது வரிசையில், அதே அரக்கு நிறச் சுடிதாரில், மடியில் அதே ஃபைலுடன் அவள் உட்கார்ந்திருந்தாள். விடுதியில் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வடிவு திடுக்கிடவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் நன்றாக வாரியிருக்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இப்படி ஒன்று நடந்தால் ஊர் என்ன செய்யும் என்று கேட்டால், ஊர் எதையும் செய்வதுபோலத்தான் செய்யும்: முதல் வாரம் வாயைப் பிளக்கும், இரண்டாம் வாரம் அதற்கு ஒரு பெயர் வைக்கும், மூன்றாம் வாரம் அதை வைத்து ஒருவரையொருவர் கிண்டல் செய்யும், அதற்குப் பிறகு அதற்கேற்ப உலை வைக்கும். விடுதியில் சமையல் செய்த பத்மாவதி, ரவுண்டு ஒன்றுக்குக் கால் கரண்டி சோறு என்று குறைத்துப் போட்டாள். குறைத்ததை யாரும் கேட்கவில்லை, பசியே அப்படித்தான் குறைந்திருந்தது. ஐந்து ரவுண்டு போன பெண்கள் ஆடி மாதம் நெருங்கினால் பையில் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில்களை நிரப்பி எடுத்துக்கொண்டுதான் சாலையைக் கடந்தார்கள், இல்லாவிட்டால் கடந்துபோகிற பஸ்ஸின் காற்று அவர்களை நடைபாதையிலிருந்து நகர்த்திவிடும். மருத்துவமனைக்குப் போனால் டாக்டர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு தகப்பன் தன் மகளைக் காணோம் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனபோது, மகள் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்த எழுத்தர் அதை வாங்க மறுத்துவிட்டார். கல்யாணத் தரகர்கள் இரண்டு ரவுண்டுக்கு மேல் போன பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வதாகச் சொன்னார்கள். அதே மாப்பிள்ளை வீட்டாரில் விவரமானவர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து கண்ணாடி வழியாக உள்ளே இருக்கிற பெண்ணைப் பார்த்து, நிறம் இதுதான், உயரம் இதுதான் என்று முடிவு செய்துவிட்டுப் போனதும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நடைபாதை ஒரு சின்னத் திருவிழாதான். வெளியூரிலிருந்து பெற்றவர்கள் வந்தார்கள். பக்கத்தில் நிற்கிற மகளைவிட உள்ளே இருக்கிற மகள் கொஞ்சம் தெளிவாக இருந்ததால், கொண்டுவந்த முறுக்கைக் கண்ணாடிக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டு, பிறகு வெளியில் நிற்கிறவளிடம் கொடுத்தார்கள். எதிர்ச்சாரியில் கிருபாகரன் என்பவரின் ஜெராக்ஸ் கடை. வேலை தேடி வருகிறவர்களின் சான்றிதழ்களை நகல் எடுத்துக் கொடுத்தே பத்து வருஷம் ஓட்டியவர். யார் எந்த வரிசையில் எந்த நாற்காலியில் இருக்கிறார்கள் என்று கேட்டால், கையில் இருக்கிற தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்.

"நான் பேப்பரைத்தான் எடுக்கறேன் மேடம். அவங்க ஆளையே எடுக்கறாங்க. ஒரு தடவ கூட மிஷின் மாட்டிக்கினதில்ல" என்பார்.

இரண்டாவது ரவுண்டுக்குக் கூப்பிட்டு மின்னஞ்சல் வந்தது. போனாள். குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். தாமிராவைப் பற்றிச் சொன்னாள், சொல்லும்போது முகம் மலர்ந்துவிட்டது. அம்பலவாணன் வாசல் வரை வந்தார், போயிட்டு வாங்கம்மா என்றார், இவள் வாரேன் சார் என்றாள், மூன்றாவது வரிசையில் இரண்டு வடிவு. அன்று விடுதியில் யாரோ ஒருத்தி தன் மேலாளரைப் போல நடித்துக் காட்ட, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வடிவு சிரிக்க வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மூன்றாவது ரவுண்டு முடிந்த அன்று தென்காசிக்குப் போன் செய்தாள்.

"யம்மா, சத்தமாப் பேசும்மா" என்றாள் தாமிரா.

"சத்தமாத்தான் பேசுதேன், கண்ணு."

"கேக்கவே இல்ல. பெரியம்மா, அம்மா தூரத்துல இருந்து பேசுதா."

கோமதி போனை வாங்கி, "ஏட்டி, சிக்னல் உள்ள எடத்துல நின்னு பேசு" என்று அதட்டினாள். வடிவு மொட்டை மாடியில், சிக்னல் கோபுரத்துக்கு நேர் கீழேதான் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

பயந்தவள் விட்டுவிட வேண்டியதுதானே என்று வீட்டில் உட்கார்ந்து சொல்லலாம். மூன்று பேரை உள்ளே வைத்துவிட்டு எப்படி விடுவது? இன்னும் ஒரு ரவுண்டு, அதில் வேலை நிச்சயம் என்று ஒவ்வொரு மின்னஞ்சலும் சொல்லாமல் சொன்னது. வேலை கிடைத்துவிட்டால் போன கனமெல்லாம் உடம்புக்குத் திரும்பிவிடும் என்று விடுதியில் ஒரு நம்பிக்கையும் இருந்தது. யாருக்குத் திரும்பியது என்று கேட்டால் போன வருஷம் இங்கே இருந்த ஒரு பெண்ணுக்கு என்பார்கள், அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டால் ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். வடிவு நாலாவது ரவுண்டுக்கும் போனாள். லூர்து அக்கா அவளுடைய படுக்கையைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்.

மறுநாள் காலை வடிவு தன் நாலு பேரையும் பார்க்கப் போனாள். கிருபாகரன் கடை வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார், அதில் உட்கார்ந்தாள். உள்ளே நாற்காலிகளுக்கு முன்னால் இப்போது மேசை வந்திருந்தது, மேசைமேல் கம்ப்யூட்டர். நாலு வடிவும் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் ரவுண்டுக்காரி எதையோ பார்த்துப் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். அது வடிவின் சொந்தச் சிரிப்பு, சிவசைலம் இருந்த காலத்துச் சிரிப்பு, பின்பல் தெரிகிற மாதிரி. தன்னைப் பார்த்தே ஒருத்தி பொறாமைப்பட முடியும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அவங்க வேலை பாக்கறாங்களா?" என்று கேட்டாள்.

அவள் குரல் கேட்க கிருபாகரன் மிஷினை நிறுத்த வேண்டியிருந்தது. "பின்ன? சும்மாவா குந்த வெப்பாங்க? போன மாசம் ரெண்டாம் மாடி ரொம்பிப்போச்சு மேடம், இப்ப மூணாம் மாடியில நாற்காலி எறக்கறாங்க. இத்தினி வருசத்துல இந்த கம்பெனி ஒருத்தருக்கும் வேலைன்னு குடுத்து நான் பாத்ததில்ல. எதுக்குக் குடுக்கணும்? ஒருத்தர வரச்சொன்னா ஏழு பேரு கெடைக்கறாங்க."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். வடிவு பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

விடுதியில் இதைச் சொன்னபோது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது, அல்லது தெரிந்த மாதிரி இருந்தார்கள். பாட்னாவிலிருந்து வந்த ரிங்கி மட்டும் மாம்பழத்தைக் கடித்துக்கொண்டே, "நான் அஞ்சு ரவுண்ட் போச்சு. அங்கே நான் இல்லே" என்றாள்.

அப்போதுதான் எல்லோரும் ரிங்கியைப் பார்த்தார்கள். ஐந்து ரவுண்டு போனவள் மாடியில் படுக்கிறாள், முழுத்தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு மறுசோறு கேட்கிறாள், படியில் இறங்கினால் கட்டடமே அதிர்கிறது. லூர்து அக்கா நோட்டைக் கொண்டுவந்து, ஒருத்தி விடாமல் விசாரித்து, பகல் முழுவதும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தார். படிப்பு ஒன்றுதான், கேட்ட கேள்விகள் ஒன்றுதான். கடைசியில், வாசலில் அந்த மனுஷன் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய் என்று கேட்டபோது ரிங்கி கையை விரித்தாள்.

"அங்கிள் டமில்ல ஏதோ சொல்றாரு. எனக்குப் புரியாது. நான் ஓகே பை சொல்லி வந்துட்டேன்."

சாப்பாட்டுக் கூடத்தில் ரிங்கியைத் தவிர மற்ற எல்லோரும் வாரேன் என்று சொன்னவர்கள். போகும்போது போகிறேன் என்று சொல்லக் கூடாது, வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று பேசத் தெரிந்த நாளிலிருந்து தலையில் தட்டிச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும். கடைக்குப் போனாலும் வருகிறேன், கல்லூரிக்குப் போனாலும் வருகிறேன், திரும்பி வரவே பிடிக்காத வீட்டிலிருந்து கிளம்பினாலும் வருகிறேன். வாய் சொன்னதை இத்தனை காலம் யாரும் பொருட்படுத்தியதில்லை. அந்தக் கட்டடம் அதை வாக்காக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது. வருகிறேன் என்றாயா, வந்தவள் இதோ இருக்கிறாள், நீ போ என்றது.

அன்று முதல் விடுதிப் பெண்கள் பை சொல்லிப் பழகினார்கள். பல் விளக்கும்போது பை, குளியலறைக்குப் போகும்போது பை, பத்மாவதி குழம்பு ஊற்றிவிட்டு நகர்ந்தால் அவளுக்கும் பை. பை சொன்னால் ஆள் குறையாது, வேலையும் ஒருவேளை கிடைக்கலாம் என்று கிளம்பிய வடிவு, ஐந்தாவது ரவுண்டுக்குப் போகும்போது பஸ்ஸிலேயே நாற்பது தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாசலில் அம்பலவாணன் இரண்டு கையையும் குவித்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, சொந்தச் சித்தப்பா குரலில் "போயிட்டு வாங்கம்மா" என்றதும், அவள் நாக்கு தானாக மடங்கி "வாரேன் சார்" என்றது. ஆறாவது ரவுண்டில் உதட்டைக் கடித்துக்கொண்டே நின்றாள். அவர் காத்திருந்தார். பெரியவர் ஒருவர் கைகூப்பி நிற்க, பதில் சொல்லாமல் எத்தனை நேரம் நிற்பது? தன்னை வளர்த்தவர்களை நினைத்துக் கூசிப்போய்ச் சொல்லிவிட்டாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று பெயரெடுத்தவள் அவள்.

அதற்குப் பிறகு அவளை ஆறு ரவுண்டு வடிவு என்றே கூப்பிட்டார்கள். பத்மாவதி அவளுக்குத் தேநீர்க் கரண்டியால் சோறு வைத்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். போனில் தாமிராவுக்கு அவள் குரல் கேட்கவே இல்லை. பிள்ளைதான் தன் பாட்டுக்குப் பேசிவிட்டு, "அம்மா தலையாட்டிட்டாளாம்" என்று பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டது. ஏழாவது ரவுண்டுக்கு, கடைசி ரவுண்டு என்ற குறிப்போடு மின்னஞ்சல் வந்தபோது, தேதி வைகாசி இருபத்தெட்டு, காலை பதினொரு மணி. அன்றைக்குத்தான் கோமதிக்கு விமானம்.

கோமதி தாமிராவோடு ரயிலிலிருந்து இறங்கி நேரே காரப்பாக்கம் வந்தாள். தங்கையைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என்னட்டி இது, காஞ்ச பூசணிக் கொடி மாதிரி போயிட்டியே, நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்" என்று கட்டிக்கொள்ள வந்தவள், கட்டிக்கொண்டால் என்ன ஆகுமோ என்று கையை எடுத்துக்கொண்டாள். ஆனால் விமானம் யாருக்காகவும் நிற்காது. பிள்ளையையும் அதன் துணிப்பையையும் கிருபாகரன் கடைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கோமதி ஆட்டோவில் ஏறினாள்.

தாமிரா அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பயப்படவில்லை. "நீ மெலிஞ்சிட்டம்மா" என்று மட்டும் சொன்னாள். வடிவு அவள் தலையை முகர்ந்தாள். அதே எண்ணெய் வாசனை. அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது: வேலை கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும், மிச்சமிருக்கிற இந்த ஒருத்தியை இந்தப் பிள்ளைக்காகப் பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்.

"இங்கேயே இரு. எங்கயும் அசையக் கூடாது, என்ன?"

ஏழாவது மாடி அறையில் கம்ப்யூட்டர் இல்லை, கேள்வித்தாள் இல்லை. அம்பலவாணன் மட்டும் இருந்தார். அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்க ஆறு பேரும் ரொம்ப நல்லா வேலை பாக்கிறாங்கம்மா. அதுவும் அந்த முதல் பொண்ணு, அடடா."

"அப்ப எனக்கு வேலை கிடைச்சிருச்சா சார்?"

"அது முதல் நாளே கிடைச்சாச்சே. நீங்கதான் இன்னும் வந்து சேரலை."

வடிவு நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "சேர்ந்தா, சாயந்தரம் வீட்டுக்குப் போகலாமா?"

"போறதுக்கு யாரும்மா மிச்சம் இருப்பாங்க?" என்றார் அவர், உணவகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைச் சொல்கிற குரலில்.

"எனக்கு ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு சார்."

"தெரியுமே. ரெண்டாவது ரவுண்டுல சொன்னீங்க." அவர் எழுந்து ஜன்னலருகே போய்க் கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நல்ல குழந்தை. சொன்ன இடத்துல அசையாம உக்காந்திருக்கு" என்றார்.

வடிவு எழுந்துவிட்டாள். அவரும் பதறாமல் கூடவே வந்தார், மின்தூக்கியில் கூடவே இறங்கினார், வாசலில் நின்று கைகூப்பினார்.

"போயிட்டு வாங்கம்மா."

வடிவுக்குச் சிவசைலத்தின் ஞாபகம் வந்தது. பக்கத்து ஊர் இலஞ்சிக்குப் போய்விட்டு வாரேன் என்று வண்டியை எடுத்தவன். சொல்லவேண்டிய முறையில் சரியாகத்தான் சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சொல் அவனைத் திரும்பக் கொண்டுவரவில்லை. அப்படியானால் அதைச் சொல்லாமல் போவதற்குத் தான் எதற்காகப் பயப்பட வேண்டும்?

"போறேன் சார்" என்றாள்.

அம்பலவாணனின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, அப்படிச் சொல்லக் கூடாதும்மா. பொண்ணாப் பொறந்தவங்க வாயில அந்த வார்த்தை வரலாமா? போயிட்டு வரேன்னு சொல்லுங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருப்பாள், பள்ளிக்கூட வாத்தியார் சொல்லியிருப்பார், அவளுடைய அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள். அவர் குரலில் உண்மையான கரிசனம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"போறேன்" என்று இன்னொரு முறை சொன்னாள். அவள் குரல் அவளுக்கே கேட்டது. கூடத்தில் தட்டிக்கொண்டிருந்த நூறு கைகளும் ஒரு நொடி நின்றன. மூன்றாவது வரிசையில் புதிதாக யாரும் உட்காரவில்லை. கால் தரையில் பாவி நிற்பதை உணர்ந்தாள். ஏழில் ஒரு பங்குதான், ஆனாலும் முழுக்க அவளுடைய பங்கு. கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்கு வந்தாள்.

தாமிரா பெஞ்சை விட்டு ஓடிவந்தாள். "முடிஞ்சிருச்சாம்மா? இனிமே என்கூடவே இருப்பியா?"

"இருப்பேன். இனிமே இங்க வர வேண்டாம்."

சொல்லும்போது வடிவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டுமே கொஞ்சம்போலத்தான் வந்தன, போதுமானதாக இருந்தது. அறை எங்கே, வேலை எங்கே என்பதெல்லாம் நாளைக்கு. பிள்ளையை நடைபாதையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து, பெஞ்சில் இருந்த அதன் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அந்தக் கனம் பக்கவாட்டில் சாய்த்ததால், நிமிர்ந்து சரியாக நிற்பதற்குச் சற்று நேரமானது. கிருபாகரன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவளைத் தாண்டி எதிர்ச்சாரியைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

வடிவு திரும்பினாள்.

தாமிரா கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். உள்ளே ஆறு அம்மாக்கள் இருப்பதை அது காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. கோமதி வளர்த்த பிள்ளை. ஒரு வீட்டிலிருந்து கிளம்பினால் அந்த வீட்டில் உள்ள ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்து, முதல் ரவுண்டுக்காரியைப் பார்த்து, கணீரென்று, "போயிட்டு வாரேம்மா" என்றாள் தாமிரா. பிறகு அடுத்த நாற்காலிக்கு நேராக நகர்ந்து, "போயிட்டு வாரேம்மா."

வடிவு கத்தினாள். அவளிடம் இருந்த குரலுக்கு அந்தச் சாலையின் இரைச்சலைத் தாண்டுகிற வலு இல்லை. பஸ் ஒன்று கடந்தது, அதன் காற்று அவளை இரண்டடி பின்னுக்குத் தள்ளியது. ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்து பிள்ளையின் வாயைப் பொத்துவதற்குள் ஆறும் முடிந்திருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால், ஆறு வடிவும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். ஆறு பேர் மடியிலும் ஒரு தாமிரா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதல் ரவுண்டுக்காரி பிள்ளையின் தலையைக் குனிந்து முகர்ந்தாள், நிமிர்ந்து, பின்பல் தெரியச் சிரித்தாள். ஆறு பிள்ளைகளும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன, வெளியில் நின்றதைவிட நன்றாக இருந்தன.

வடிவு தன் கையில் இருந்த பிள்ளையைத் தூக்கினாள். துணிப்பையைவிட லேசாக இருந்தது. அது வாயைத் திறந்து ஏதோ சொன்னது, காதைக் கொண்டுபோய் உதட்டருகே வைத்தும் கேட்கவில்லை. தலையை முகர்ந்து பார்த்தாள். வாசனை இல்லை.

கதவருகே காவலாளி அவளைப் பார்த்து எழுந்து நின்றார். நேர்காணலுக்கு வருகிறவர்களைக் கேட்கிற வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

வடிவு பிள்ளையைத் தோளில் சாய்த்து, காற்றடிக்காமல் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"சேர வந்திருக்கோம்" என்றாள்.